மலைப்பாதை நடையும் ஓட்டமும்

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும்

மாணவர்களே, சிவனொளிபாதமலைக்குப் போய் வந்த ஒருவரிடம் அந்த அனுபவத்தைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கியது, கால்வலியோ மறுநாள்தான் வந்தது, வீட்டுப் படியில் இறங்கவும் முடியவில்லை என்பார். இதற்குக் காரணம் கேட்டால் பலர் “இலற்றிக் அமிலம் தேங்கியமை” என்று எழுதிவிடுகின்றனர். அது பிழையான விடை. ஏன் பிழை என்று விளங்கிக்கொண்டால், மலைப்பாதையில் எப்படி நடப்பது, எப்படி ஓடுவது என்பதும் விளங்கும்.

முதலில் ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். ஹற்றன் வழியாகச் செல்வோர் நல்லதண்ணியிலிருந்து 2243 மீற்றர் உயரமான உச்சி வரை, நிலைக்குத்தாக ஏறத்தாழ 1000 மீற்றர் ஏறுகின்றனர். 50 கிலோகிராம் திணிவுடைய மாணவர் ஒருவர் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை:

50 × 10 × 1000 = 500 000 யூல் = 500 கிலோயூல்

தசைகள் தாம் பயன்படுத்தும் சக்தியில் ஏறத்தாழக் காற்பங்கையே இவ்வாறு வேலையாக மாற்றுகின்றன. ஆகவே ஏறுவதற்கு மட்டும் சுமார் 2000 கிலோயூல் செலவாகும். எஞ்சிய முக்காற்பங்கு வெப்பமாகிறது. குளிரான மலையிலும் சட்டை நனைய வியர்ப்பது இதனாலேயே. இவ்வளவு சக்தியைப் பெறத் தசைகளுக்கு ஒட்சிசன் வேண்டும். அதைக் கொண்டுசேர்க்க இதயம் வேகமாகத் துடிக்கிறது. மலைநடை இதயக் குருதிச் சுற்றோட்டத் தாங்குதிறனை வளர்ப்பது இவ்வழியில்தான்.

ஆனால் ஏற்றத்தில் “ஒரு கிலோமீற்றருக்கு இத்தனை நிமிடம்” என்ற கணக்கு உதவாது. நாடித்துடிப்பே சரியான அளவுகோல். 220 இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச இதயத்துடிப்பு வீதம் ஏறத்தாழக் கிடைக்கும். 16 வயதுடையவருக்கு அது 204. இதன் 60 முதல் 80 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 122 முதல் 163 வரை, பயிற்சிக்கு ஏற்ற வீச்சாகும். நின்றவுடனேயே மணிக்கட்டில் 15 செக்கன்கள் எண்ணி 4 ஆல் பெருக்குங்கள். தாமதித்து எண்ணினால் துடிப்புக் குறைந்துவிடும், விடையும் பொய்யாகும். 163 ஐத் தாண்டினால் ஓட்டத்தை நிறுத்தி நடவுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலையோட்டப் போட்டிகளில் தேர்ந்த வீரர்களும் செங்குத்தான இடங்களில் நடந்தே ஏறுகின்றனர்.

இனி இறக்கம். இங்கே மூச்சு வாங்குவதில்லை என்பதால் பலரும் பாய்ந்து ஓடுகின்றனர். உண்மையில் தசைக்குச் சேதம் விளைவது இங்கேதான். ஏறும்போது தொடையின் முன்புறத் தசை சுருங்கிக் குறுகுகிறது. இறங்கும்போது அதே தசை உடல் நிறையைத் தாங்கி, இழுவிசையைக் கொடுத்தவாறே நீளுகிறது. ஒரு தடுப்பைப் போலத் தொழிற்படுகிறது. பழக்கமில்லாத தசை இவ்வாறு ஆயிரக்கணக்கான தடவை நீளும்போது அதன் நார்களில் நுண்ணிய சேதங்கள் ஏற்படுகின்றன. அவற்றால் உண்டாகும் வலி 12 முதல் 24 மணித்தியாலங்களின் பின் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சமடையும். இலற்றிக் அமிலமோ ஓய்வெடுத்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் குருதியிலிருந்து நீங்கிவிடும். மறுநாள் வலிக்கு அதைக் காரணம் காட்ட முடியாது.

ஆகவே இறங்கும்போது அடிகளைச் சிறிதாக வையுங்கள். முழங்காலைச் சற்று மடித்து, பாதம் உடலுக்கு நேர்கீழே படுமாறு ஊன்றுங்கள். காலை முன்னே நீட்டிக் குதிகாலால் குத்தினால் அதிர்ச்சி நேரே முழங்காலுக்குச் செல்லும். முதலிரு வாரங்கள் சிறிய இறக்கங்களை நடந்தே பழகுங்கள். ஒருமுறை இறக்கத்துக்குப் பழகிய தசை அடுத்த முறை அவ்வளவு சேதமடைவதில்லை.

எங்கே பயில்வது? கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை தேயிலைத் தோட்டங்களூடாக 300 கிலோமீற்றருக்கும் மேலாகச் செல்லும் பீக்கோ நடைபாதை 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தோட்டத்திலிருந்து நாள்தோறும் குறுக்குப் பாதையில் ஏறி இறங்கிப் பாடசாலை செல்லும் மாணவர் இப்பயிற்சியைப் பெயர் சொல்லாமலே செய்துவருகிறார். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பு நகரிலோ மலை இல்லை. அங்குள்ளோர் கடற்கரை மணலில் ஓடலாம், பாடசாலை மாடிப்படியில் மெதுவாக இறங்கிப் பழகலாம். 5 முதல் 17 வயதுடையோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020 இல் பரிந்துரைத்தது. பாடசாலைக்கு நடக்கும் நேரமும் இதில் சேரும்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டொரு சொல். மார்ச் – ஏப்ரல், ஒக்டோபர் – நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமின்னல் அதிகம். காலையில் சென்று நண்பகலுக்குள் திரும்புங்கள். தனியே செல்ல வேண்டாம். செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். ஈரமான பாதையில் அட்டை கடித்தால் பதறி ஓடாதீர்கள். அட்டையை விட வழுக்கி விழுவதுதான் ஆபத்து.

பயிற்சி வினா: 15 வயது மாணவி ஒருவர் மலையேற்றத்தின்போது நின்று எண்ணியதில் 15 செக்கன்களில் 44 துடிப்புகள் கிடைத்தன.
(அ) அவரது இதயத்துடிப்பு வீதம் யாது?
(ஆ) அவர் ஓட்டத்தைத் தொடரலாமா? கணித்துக் காட்டுக.
(இ) மறுநாள் அவருக்குத் தொடையில் வலி ஏற்பட்டது. காரணத்தை விளக்குக.