துவக்கு வாங்குவதா, வேலி அடைப்பதா?

கடந்த காலபோகத்தின்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், கமக்காரர் ஒருவர் கோவில் முற்றத்தில் தயங்கித் தயங்கி நின்றார். அருகில் சென்றபோது குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சுவாமி, ஒரு துவக்கு மலிவாய் வருகுது. வாங்கலாமோ?"

அவருடைய கதை உங்களில் பலருடைய கதைதான். பல தடவை இடம்பெயர்ந்து, முகாமிலும் உறவினர் வளவிலும் காலம் கழித்து, ஊர் திரும்பியபோது காணி பற்றைக்காடாகிக் கிடந்தது. நாம் இல்லாத ஆண்டுகளில் காடு வயல் வரம்புவரை வந்துவிட்டது. காட்டோடு பன்றியும் வந்துவிட்டது. அவர் பற்றை வெட்டி, மனைவியின் தோட்டை ஈடு வைத்து விதை வாங்கி, இரண்டு ஏக்கரில் கச்சான் போட்டார். காய் பிடிக்கும் நேரத்தில் ஒரே இரவில் பன்றிக் கூட்டம் புகுந்து கால் ஏக்கருக்கு மேல் கிளறிவிட்டது. வீட்டில் எஞ்சியிருந்தது ஒரு சங்கிலி. அதையும் ஈடு வைத்துத் துவக்கு வாங்கலாமா என்பதே அவருடைய கேள்வி.

நான் உடனே பதில் சொல்லவில்லை. மாமர நிழலில் கதிரை போட்டு இருவரும் கணக்குப் பார்த்தோம். கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பிக்கிறார். துவக்கு வாங்க விரும்புபவருக்கும் அதுவே பொருந்தும். அன்று நாம் பார்த்த கணக்கை இங்கு எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

1. முதலில் பன்றியை அறிவோம்

காட்டுப்பன்றிக்குக் கண் பார்வை குறைவு. மூக்கோ மிகக் கூர்மையானது. காற்று எம் பக்கமிருந்து வீசினால் நாம் காவலிருப்பதை அது தூரத்திலேயே அறிந்துகொள்ளும். தாய்ப்பன்றிகளும் குட்டிகளும் கூட்டமாகத் திரியும். வயதான ஆண் பன்றி பெரும்பாலும் தனித்தே வரும். சினைக்காலம் நான்கு மாதத்திற்கும் சற்றுக் குறைவு. ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை ஈனும். ஆகவே ஒரு போகத்தில் ஒன்றிரண்டைச் சுட்டாலும், உணவும் ஒதுங்கப் பற்றையும் உள்ளவரை அந்த இடம் விரைவில் நிரம்பிவிடும்.

கச்சான், மரவள்ளி, வத்தாளை, சோளன், பால் பருவத்து நெல் ஆகியவை பன்றிக்கு மிகவும் விருப்பமானவை. மிளகாய், இஞ்சி, மஞ்சள் போன்றவற்றை அது அவ்வளவு நாடுவதில்லை. காட்டோரத்தில் எதைப் போடுவது, வீட்டருகில் எதைப் போடுவது என்று விதைக்கும்போதே யோசிப்பது காசு செலவில்லாத முதற் பாதுகாப்பு.

2. எந்தத் துவக்கு?

"துவக்கு" என்று ஒரே சொல்லால் சொன்னாலும் அதில் பல வகை உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

ரைபிள்: வெளிநாட்டிலுள்ள உறவினர் மான் வேட்டைக்கு மலிவு விலை ரைபிள் வாங்கியதாகச் சொல்கிறார், அது நல்லதா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. பூட்டுக்கட்டையைக் கையால் பின்னே இழுத்து, முன்னே தள்ளி, ஒவ்வொரு ரவையாக ஏற்றிச் சுடும் வகை அது. பழைய 303 ரைபிளை நினைத்துக்கொண்டால் விளங்கும். கனடாவிலுள்ள வேட்டைக்காரருக்கு மலிவான ரைபிள் மோசமான பொருளல்ல. இன்றைய தொழிற்சாலை வேலையால் குழாய் ஓரளவு நேராகவே சுடும். மரப் பிடிக்குப் பதில் பிளாஸ்ரிக் பிடி, கரடுமுரடான பூட்டு, மெருகில்லாத இரும்பு ஆகியவற்றில்தான் விலை குறைக்கப்படுகிறது. ஆனால் அங்கே அவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, அனுமதிப்பத்திரம் பெற்று, வேட்டைக் காலத்தில், பகல் வெளிச்சத்தில், தூரக்கண்ணாடி பொருத்திச் சுடுகிறார்.

இங்கே பன்றி வருவது இருட்டில். எமது நிலமோ தட்டையானது. தவறிய ரவையைத் தாங்க மலையோ திட்டியோ இல்லை. மிகச் சிறிய 22 ரக ரவைகூட ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் செல்லக்கூடியது. பெரிய மிருகங்களுக்கான ரவை மூன்று நான்கு கிலோமீற்றர் வரை செல்லும். அந்தத் தூரத்திற்குள் எத்தனை கொட்டில்கள், எத்தனை பிள்ளைகள் உறங்குகின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். சட்டப்படி இங்கு பயிர்ப் பாதுகாப்புக்கென வழமையாக வழங்கப்படுவதும் சன்னத் துவக்கே. ஆகவே ரைபிள் எமக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாத பொருள்.

சன்னத் துவக்கு: 12 ரக ஒற்றைக் குழல் துவக்கையே எமது பெற்றோர் பயிர்க் காவலுக்கு வைத்திருந்தனர். எஸ்.ஜி. தோட்டா போட்டாலும் 30 முதல் 40 மீற்றருக்குள்தான் அது பன்றியைச் சரியாக வீழ்த்தும். சிறு சன்னம் பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தும். காயப்பட்ட பன்றி பற்றைக்குள் படுத்திருந்து, தேடிச் செல்பவர் மேல் பாயும்.

இடியன்: இதுதான் "மலிவாய் வருகுது" என்று காதோடு சொல்லப்படுவது. ஏதோ ஓர் இரும்புக் குழாயில், அளவு தெரியாத மருந்தை இடித்து நிரப்பிச் சுடுவது. குழாய் தாங்காமல் வெடித்தால் சுடுபவரின் கையும் கண்ணும் போகும். அனுமதிப்பத்திரமின்றி வைத்திருப்பது குற்றம்.

கட்டுத்துவக்கு: பன்றி வரும் தடத்தில் நூல் கட்டி, தானாக வெடிக்க விடுவது. பன்றியின் உயரத்திற்குக் கட்டினால், மனிதருக்கு அது முழங்காலிலும் தொடையிலும் படும். விறகு பொறுக்கப் போன பெண்ணையோ, மாடு தேடிப் போன பிள்ளையையோ பன்றியிலிருந்து பிரித்தறிய நூலுக்குத் தெரியாது. கட்டியவரே மறந்துபோய் அதில் அகப்படுவதும் உண்டு. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான். உணவுக்குள் வைக்கும் பன்றிவெடியும் அப்படியே. நிலத்தில் கிடக்கும் பழைய வெடிபொருட்களைப் பிரித்து மருந்து எடுக்க எவரும் முயல வேண்டாம்.

3. துவக்கின் முழு விலை

விற்பவர் சொல்லும் காசு, விலையின் ஒரு பகுதி மட்டுமே. மற்றவற்றையும் தாளில் எழுதுங்கள்.

(அ) அனுமதிப்பத்திரம்: 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் கட்டாயம். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். கிராம அலுவலர், பொலிஸ், பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம் என்று அலைய வேண்டிய நாட்களையும், அந்த நாட்களில் இழக்கும் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாத குடும்பங்களுக்கும், பிறர் காணியில் குத்தகைக்குச் செய்வோருக்கும் இது மேலும் கடினம்.

(ஆ) தோட்டா: பன்றியில் படும் தோட்டாவைவிட வெறும் இருட்டில் படுவதே அதிகம்.

(இ) பாதுகாப்பாக வைத்தல்: தகரக் கொட்டிலில் பூட்டுள்ள அலுமாரி எங்கே? பிள்ளைகளின் கை எட்டாத இடம் எங்கே?

(ஈ) சட்டத்தின் விலை: களவாக வாங்கிய துவக்கு அகப்பட்டால் சிறை, தண்டம், வழக்குத் தவணைகள். உழைக்கும் ஒருவர் சிறைக்குப் போனால் அந்தப் போகம் முழுவதும் போயிற்று. பன்றிகூட முழுப் போகத்தையும் தின்பதில்லை.

(உ) வீட்டின் விலை: இதை ஒரு குருவாக நான் சொல்லியாக வேண்டும். இழப்பும் கடனும் குடியும் மனச்சோர்வும் உள்ள வீடுகளுக்கு நான் போய் வருகிறேன். ஒரு கண நேரக் கோபத்திற்கோ விரக்திக்கோ கை எட்டும் இடத்தில் துவக்கு இருக்கக் கூடாது. இரவில் வெடிச் சத்தம் கேட்டால் இன்றும் எழுந்து உட்காரும் தாய்மார் எமது ஊர்களில் உண்டு. அவர்களுடைய உறக்கமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

4. ஒரு துவக்கு எவ்வளவு நிலத்தைக் காக்கும்?

இரண்டு ஏக்கர் சதுரக் காணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு பக்கம் ஏறக்குறைய 90 மீற்றர். நடுவில் காவற்கொட்டில் போட்டு இருந்தாலும் மூலை 64 மீற்றர் தூரத்தில் இருக்கும். துவக்கோ 40 மீற்றருக்குள்தான் பயன்படும். ஆகவே நல்ல துவக்கும் நல்ல கையும் நல்ல நிலவும் இருந்தால்கூட நான்கு மூலைகளும் பன்றிக்குத் திறந்தே கிடக்கும்.

இன்னொன்று. வெடிச் சத்தத்திற்குப் பயந்த பன்றி அன்றிரவு பட்டினி கிடக்கப் போவதில்லை. அடுத்த காணிக்குப் போகும். அந்தக் காணி பெரும்பாலும் துவக்கும் இல்லாத, இரவில் தனியே காவலிருக்கவும் முடியாத ஒருவருடையது. கணவனை இழந்து, பிள்ளைகளோடு தனியே கமம் செய்யும் சகோதரிகளை நினைத்துப் பாருங்கள். என் துவக்கு என் பன்றியை அவர்களுடைய வயலுக்குள் கலைத்துவிடுமானால், ஊருக்கு அதனால் என்ன இலாபம்?

யானைக்குத் துவக்கு எடுப்பதை நினைக்கவே வேண்டாம். யானை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. சன்னம் பட்ட யானை ஊருக்கே ஆபத்து. யானை வந்தால் கிராம அலுவலர் மூலம் வனசீவராசிகள் திணைக்களத்திற்கு அறிவியுங்கள்.

5. சேர்ந்து அடைக்கும் வேலி

இப்போது வேலிக் கணக்கைப் பார்ப்போம். இரண்டு ஏக்கர் காணியைத் தனியே அடைக்க 360 மீற்றர் வேலி வேண்டும். பத்துக் குடும்பங்கள் தனித்தனியே அடைத்தால் 3,600 மீற்றர். அந்தப் பத்துக் காணிகளும் அடுத்தடுத்து இருந்து, இருபது ஏக்கரையும் ஒன்றாகச் சதுரமாக அடைத்தால் ஏறக்குறைய 1,140 மீற்றர் போதும். ஒரு குடும்பத்தின் பங்கு 114 மீற்றர் மட்டுமே. காணி சதுரமாக இல்லாவிட்டால் அளவு கூடும். ஆனாலும் சேர்ந்து அடைப்பதே மலிவு.

கையில் காசில்லாதவர்கள் அலம்பல் வேலியில் தொடங்கலாம். வெட்டிய முட்கிளைகளை எரிக்காமல் எல்லையில் நெருக்கமாக அடையுங்கள். மழை தொடங்கியதும் உட்புறத்தில் கிளுவைக் கதியால் நட்டால், அலம்பல் உக்கும் காலத்தில் உயிர்வேலி எழும்பிவிடும். பன்றி வேலிக்கு மேலால் வருவது குறைவு, அடியால் நுழையும். ஆகவே அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். கண்டாயத்தை இரவில் மூடுங்கள். குத்தகைக் காணியில் இருப்போர் கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய கம்பியைப் பயன்படுத்துவது நல்லது. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்படாத பற்றையில் கதியால் வெட்ட இறங்க வேண்டாம்.

கூட்டாகப் பணம் சேர்க்கக்கூடியவர்கள் சூரிய மின்வேலி பற்றி யோசிக்கலாம். அதில் சில ஆயிரம் வோல்ற் அழுத்தம் இருந்தாலும் மின்சாரம் கண நேரத் துடிப்பாக மட்டும் வந்து போகும்; விலங்கை அதிரவைக்கும், கொல்லாது. பன்றிக்கு நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு கம்பியும், இரண்டு சாண் உயரத்தில் இன்னொன்றும் வேண்டும். புல் வளர்ந்து கம்பியில் பட்டால் வேலியின் பலம் குறைந்துவிடும்; கிழமைதோறும் செருக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுப்பது இதுவல்ல. 230 வோல்ற் தொடர் மின்சாரம் மனிதரைக் கொல்லும்; அது குற்றமுமாகும்.

வேலியோடு காவலும் வேண்டும். பத்துக் குடும்பங்களிலிருந்து இரவுக்கு இருவர் என்று முறை வைத்தால் ஒருவருக்கு ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் விழிப்பு. ரோச் லைற், தகரம், வெடிச் சத்தம், ஒரு நல்ல நாய் ஆகியவை போதும். காவலுக்கு வர முடியாத குடும்பம் தேநீரும் விறகும் கொடுத்துப் பங்கெடுக்கலாம்.

6. அனுமதியுடன் துவக்கு வைத்திருப்போருக்கு

சட்டப்படி துவக்கு வைத்திருப்பவர் ஊர்க் காவலுக்கு உதவலாம். ஆனால் சில கட்டுப்பாடுகள் அவசியம். வெளிச்சத்தில் பன்றி என்று தெளிவாகக் காணாமல், சத்தத்தையோ அசைவையோ நோக்கிச் சுட வேண்டாம். பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறியாமல் சுட வேண்டாம். வீட்டுக்கு வரும்போது தோட்டாவைக் கழற்றி வேறிடத்தில் பூட்டி வையுங்கள். குடித்த நாளில் துவக்கைத் தொட வேண்டாம். இன்னொருவருக்கு இரவல் கொடுக்க வேண்டாம்.

7. முடிவாக

திருப்பாடல் 80இல் ஒரு திராட்சைத் தோட்டத்தைக் காட்டுப்பன்றி அழிப்பதாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பாடலைப் பாடியவர் பன்றியைப் பற்றிச் சொல்லுமுன் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: இதன் மதில் ஏன் இடிக்கப்பட்டது? எமது ஊர்களுக்கும் அதுவே கேள்வி. இடம்பெயர்வில் எமது வேலிகள் மட்டும் விழவில்லை. அயலவரோடு சேர்ந்து வேலை செய்யும் பழக்கமும் விழுந்துவிட்டது. துவக்கை ஒருவர் தனியே வாங்கிவிடலாம். நல்ல வேலியை எவரும் தனியே அடைக்க முடியாது.

மாமர நிழலில் கணக்குப் பார்த்த அந்தக் கமக்காரர் துவக்கை வாங்கவில்லை. நான்கு அயற் குடும்பங்களோடு சேர்ந்து அலம்பல் அடைத்தார். வேலி முடியுமுன் பன்றி இன்னொரு மூலையையும் கிளறிவிட்டது. அந்த நட்டம் நட்டம்தான். ஆனால் மிகுதிக் கச்சானை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சங்கிலி ஈட்டுக்குப் போகவில்லை. இந்த முறை விதைக்குமுன்னரே வேலிக்கு ஆள் கூப்பிடுகிறார்.

கமக்காரர் அமைப்பிலும் மாதர் சங்கத்திலும் கலந்துரையாட:

1. எமது ஊரில் பன்றி எந்தப் பக்கத்தால் வருகிறது? அங்கு அடுத்தடுத்துள்ள காணிகள் யாருடையவை?

2. அந்தக் காணிகளைச் சேர்த்து அடைக்க எத்தனை மீற்றர் வேலி வேண்டும்? காலால் அளந்து பாருங்கள்.

3. இரவுக் காவலுக்கு வர முடியாத குடும்பங்கள் எவை? அவர்களுடைய பயிரை யார் காப்பது?

4. எமது காட்டுப் பாதைகளில் கட்டுத்துவக்கு உண்டா? யாரையும் காட்டிக்கொடுக்காமலே, அதைக் கட்டியவர் கழற்றும்படி ஊராகப் பேசுவது எப்படி?