பேக்கனின் கலோரி எங்கே போகிறது?

ஆங்கிலக் கதைகளை விரும்பிப் படிப்பவர்களுக்கு ஒரு காலை உணவு மிகவும் பழக்கமாகியிருக்கும்: முட்டையும் பேக்கனும். பெயரை அறிந்த நம்மில் பலர் பொருளைப் பார்த்ததில்லை. பன்றி இறைச்சியை உப்பில் ஊறவைத்து, பெரும்பாலும் புகையும் காட்டி, மெல்லிய பட்டைகளாக அரிந்து வைத்தால் அதுவே பேக்கன். நம் ஊர் உப்புக்கண்டத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். அமெரிக்கர்கள் இதற்குக் கொழுப்பு மிகுந்த வயிற்றுப் பகுதியை எடுத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலேயர்கள் பெரிதும் விரும்புவது முதுகுப் பகுதி; அதில் கொழுப்பு குறைவு.

உங்களில் சிலர் வீட்டில் இது விலக்கப்பட்ட உணவாக இருக்கலாம். இருந்தாலும் படித்துப் பாருங்கள். அடுப்பில் ஏற்றிய உணவின் கலோரிக்கு என்ன நேர்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பண்டம் வேறொன்று எளிதில் கிடைக்காது.

முதலில் ஒரு புதிர். அமெரிக்க வேளாண்மைத் துறை பல ஆண்டுகளாக உணவுச் சத்து அட்டவணைகளை வெளியிட்டு வருகிறது. அவற்றுள் ஒன்றில் சமைக்காத பேக்கன் 100 கிராமுக்கு ஏறத்தாழ 458 கலோரி என்று காண்கிறது. சமைத்த பேக்கனோ 100 கிராமுக்கு ஏறத்தாழ 541 கலோரி! சட்டியில் எண்ணெய் எதுவும் ஊற்றவில்லை. கொழுப்பு உருகி வெளியே ஓடியதையும் கண்ணால் பார்த்தோம். அப்படியிருக்கக் கலோரி எப்படிக் கூடியது?

தேங்காயையும் கொப்பரையையும் நினைத்துக்கொள்ளுங்கள். காயவைத்ததால் தேங்காய்க்குப் புதிதாக எண்ணெய் வந்துவிடவில்லை. தண்ணீர் போய்விட்டது, அவ்வளவுதான். ஆகவே 100 கிராம் கொப்பரையில் எண்ணெயின் பங்கு கூடுதலாகத் தெரிகிறது. பேக்கனிலும் இதுவே நடக்கிறது. ஆனால் இங்கே தண்ணீரோடு கொழுப்பும் சேர்ந்து வெளியேறுகிறது. ஆகவே 100 கிராமை விட்டுவிட்டு ஒரு துண்டைக் கணக்கில் எடுக்கவேண்டும். பென்சிலும் தாளும் கையில் இருக்கட்டும்.

சமைக்காத ஒரு துண்டின் எடை 28 கிராம் என்று கொள்வோம். மொறுமொறுப்பாகச் சமைத்தபின் அது ஏறத்தாழ 8 கிராம்தான் இருக்கும். 28 கிராமுக்கு 458ஐக் கொண்டு கணக்கிட்டால் 128 கலோரி. 8 கிராமுக்கு 541ஐக் கொண்டு கணக்கிட்டால் 43 கலோரி. மீதி 85 கலோரி எங்கே? கொழுப்பின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். சமைக்காத துண்டில் கொழுப்பு சுமார் 12.6 கிராம், சமைத்த துண்டில் 3.3 கிராம். சட்டியில் தங்கியது 9.3 கிராம். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி வீதம் பெருக்கினால் 84 வருகிறது. கணக்கு அநேகமாக நேராகிவிட்டது! மூன்றில் இரண்டு பங்கு கலோரி தட்டுக்கு வரவே இல்லை; சட்டியில் மஞ்சள் திரவமாக நிற்கிறது.

இந்த 9 என்ற எண் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் மிடில்டவுன் நகரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியல் பேராசிரியர் இருந்தார். 1890களில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் ஆளே உள்ளே தங்கக்கூடிய கலோரிமானி அறையைக் கட்டினார்கள். உள்ளே இருப்பவர் உண்பது, கழிப்பது, மூச்சில் விடும் கரியமில வாயு, உடல் வெளியிடும் வெப்பம் அனைத்தும் அளக்கப்பட்டன. இத்தகைய ஆய்வுகளிலிருந்தே புரதத்துக்கும் மாவுப் பொருளுக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்ற கணக்கு நிலைபெற்றது. உணவுக் கலோரி என்பது இயற்பியலில் நீங்கள் படிக்கும் கிலோகலோரி. 1 கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம் அது. நம் ஊர்த் தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால், ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி வெப்பம் போதும். ஒரே ஒரு பேக்கன் துண்டு சட்டியில் விட்டுச்சென்ற கொழுப்புக்குள் அதைவிட அதிகமான ஆற்றல் அடங்கியிருக்கிறது.

இந்த ஆற்றலை ஒரு காலத்தில் அமெரிக்க அரசு வீடு வீடாகக் கேட்டு வாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டு முதல், சமையலில் மிஞ்சிய கொழுப்பை டப்பாவில் சேர்த்து இறைச்சிக் கடையில் கொடுக்கும்படி இல்லத்தரசிகளிடம் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. கொழுப்பைப் பகுத்தால் கிளிசரின் கிடைக்கும். கிளிசரினிலிருந்து நைட்ரோகிளிசரின் என்னும் வெடிமருந்து செய்யலாம். இதை மக்களுக்கு எடுத்துச் சொல்ல வால்ட் டிஸ்னி நிறுவனம் மின்னி எலியையும் புளூட்டோ நாயையும் வைத்து ஒரு சிறு கேலிச்சித்திரப் படமே எடுத்தது. பேக்கன் கொழுப்பைத் தனக்குக் கொடுக்கவில்லையே என்று புளூட்டோ ஏங்கும். நாய்க்குத் தெரிந்தது சுவை. போர்த்துறைக்குத் தெரிந்தது வேதியியல்!

சரி, கொழுப்பு சட்டிக்கு எப்படி வருகிறது? பேக்கனின் வெள்ளைப் பகுதியை நுண்ணோக்கியில் பார்த்தால், கொழுப்பு நிறைந்த நுண்ணிய செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கொலாஜன் என்னும் புரத இழைகள் அவற்றைப் பின்னிப் பிடித்திருக்கின்றன. பன்றிக் கொழுப்பு 30 முதல் 45 டிகிரி செல்சியசுக்குள் உருகிவிடும். ஆனால் உருகிய உடனே ஓடிவிடாது. செல்கள் உடைந்து, இழைகள் தளர்ந்தால்தான் வெளியே வரும். அதற்குக் காலம் வேண்டும்.

துண்டில் தண்ணீர் இருக்கும்வரை வெப்பத்தின் பெரும்பகுதி அதை ஆவியாக்குவதில் செலவாகிறது. அதனால் துண்டின் வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். நாம் கேட்கும் படபடவென்ற ஓசை இந்தத் தண்ணீர் வெடித்து வெளியேறும் ஓசைதான். தண்ணீர் தீர்ந்தபின் வெப்பநிலை விரைவாக ஏறும். 140 டிகிரியைத் தாண்டும்போது புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மயார் என்பவரின் பெயரால் இது மயார் வினை எனப்படுகிறது. தோசை சிவப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு.

இனி, நன்றாகக் காய்ந்த சட்டியில் பேக்கனைப் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகிக்கலாம். இறைச்சிப் பகுதி சட்டென்று சுருங்கும். கொழுப்புப் பகுதி அதே அளவில் சுருங்காது. துண்டு சுருண்டு எழும்பி, சட்டியைத் தொடும் இடங்கள் கருகும். தொடாத இடங்களில் கொழுப்பு வெளியேறாமல் தங்கிவிடும். இதனால்தான் அனுபவமுள்ள சமையற்காரர்கள் குளிர்ந்த சட்டியில் துண்டுகளைப் பரப்பிய பிறகே அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். சிறு தீயில் கொழுப்பு நிதானமாக உருகி வடிகிறது. இடையிடையே அதை வடித்துவிடவும் செய்கிறார்கள்.

வேறு முறைகளும் உண்டு. தட்டின் மேல் கம்பி வலையை வைத்து, அதில் துண்டுகளை அடுக்கி, 200 டிகிரி அளவிலுள்ள மூடிய அடுப்பில் வைத்தால் கொழுப்பு கீழே சொட்டிவிடும்; திருப்பிப் போடும் வேலையும் இல்லை. நுண்ணலை அடுப்பில் என்றால், உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே வைப்பார்கள். தாள் கொழுப்பைக் குடித்துவிடும். இவற்றுள் எது சிறந்தது? கலோரியை மட்டும் பார்த்தால், பெரிய வேறுபாடு இல்லை என்பதே என் கருத்து. எந்த முறையானாலும் கொழுப்பு நன்றாக வெளியேறியதா, வெளியேறியது மீண்டும் தட்டுக்கு வராமல் இருந்ததா என்பதே கேள்வி. முட்டையையும் ரொட்டியையும் அதே கொழுப்பில் பொரித்து உண்ணும் பழக்கம் இங்கிலாந்தில் உண்டு. சட்டி காப்பாற்றிய கலோரியை முட்டை திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது!

இத்துடன் நிறுத்தினால் பேக்கன் ஏறக்குறையக் குற்றமற்றது என்று தோன்றும். உப்பின் கணக்கையும் போட்டுவிடுவோம். அதே அட்டவணைப்படி சமைக்காத துண்டில் சோடியம் சுமார் 233 மில்லிகிராம். சமைத்த துண்டில் சுமார் 185 மில்லிகிராம். கலோரி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. சோடியமோ ஐந்தில் நான்கு பங்கு அப்படியே இருக்கிறது. ஏன்? உப்பு கொழுப்பில் கரையாது. கொழுப்பு வெளியேறும்போது உப்பைத் தன்னோடு அழைத்துச் செல்வதில்லை. தண்ணீரும் ஆவியாகத்தான் போகிறது. ஆவி உப்பைச் சுமக்காது. வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்கும் குறைவான சோடியம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நான்கு சிறு துண்டுகளிலேயே அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. உப்பைக் குறைக்கவேண்டுமானால் தண்ணீர்தான் வழி. பிரெஞ்சுச் சமையலில் பேக்கனைச் சில நிமிடங்கள் கொதிநீரில் போட்டு எடுத்து, நீரைக் கொட்டிவிட்டு, அதன் பிறகு வறுப்பதுண்டு.

அடுத்தது நைட்ரைட். பேக்கன் உப்போடு சிறிதளவு சோடியம் நைட்ரைட்டும் சேர்க்கப்படுகிறது. கொடிய நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவை அது அடக்கிவைக்கிறது. இறைச்சியிலுள்ள மயோகுளோபினோடு சேர்ந்து, வேகவைத்தாலும் மாறாத இளஞ்சிவப்பு நிறத்தையும் தருகிறது. இந்த நிறத்தின் காரணத்தை 1901இல் விளக்கியவர் ஜே. எஸ். ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து நாட்டு உடலியல் அறிஞர். ஆனால் நைட்ரைட்டுக்கு இன்னொரு முகம் உண்டு. உயர் வெப்பத்தில் அது புரதச் சிதைவுப் பொருள்களோடு வினைபுரிந்து நைட்ரோசமீன்களை உண்டாக்குகிறது. இவற்றில் பல, விலங்குகளில் புற்றுநோய் தோற்றுவிப்பவை. சட்டி எவ்வளவு சூடாகிறதோ, துண்டு எவ்வளவு கருகுகிறதோ, அவ்வளவுக்கு இவை கூடும். நுண்ணலை அடுப்பில் குறைவாகவே உண்டாகின்றன. வடிந்த கொழுப்பிலும் இவை சேர்வதால், அதை மறுபடி பயன்படுத்தாமலிருக்க இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது. 1978இல் அமெரிக்க அரசு பேக்கனுக்கான நைட்ரைட் அளவைப் பத்து லட்சத்தில் 120 பங்கு என்று வரையறுத்து, அதோடு வைட்டமின் சி வகைச் சேர்மத்தையும் பத்து லட்சத்தில் 550 பங்கு சேர்க்கச் சொன்னது. அச்சேர்மம் நைட்ரோசமீன் உருவாவதைத் தடுக்கிறது.

சில பொட்டலங்களில் 'நைட்ரைட் சேர்க்கப்படவில்லை' என்று அச்சிட்டிருக்கும். சிறு எழுத்தையும் படிக்கவேண்டும்! செலரி என்னும் கீரைத்தண்டின் பொடி சேர்த்ததாக அதில் கண்டால், நைட்ரைட் வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது என்று பொருள். செலரியில் நைட்ரேட் மிகுதி; அதுவே நைட்ரைட்டாக மாறுகிறது. மூலக்கூறு தான் எங்கிருந்து வந்தது என்று நினைவு வைத்துக்கொள்வதில்லை.

2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சிகளை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால், இரண்டும் ஒரே அளவு தீயவை என்று பலர் எழுதிவிட்டார்கள். அது தவறு. சான்று எவ்வளவு உறுதியானது என்பதையே அந்தப் பிரிவு காட்டுகிறது. ஆபத்தின் அளவை அது காட்டுவதில்லை. அளவு வேறு இடத்தில் இருக்கிறது: நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 விழுக்காடு கூடும். எதன்மேல் 18 விழுக்காடு? ஓர் எடுத்துக்காட்டாக, 1000 பேரில் 50 பேருக்கு வரக்கூடிய நோய் என்று கொள்வோம். 18 விழுக்காடு கூடினால் அது 59 பேர் ஆகும். ஒன்பது பேர் என்பது அற்பமல்ல; ஆயிரம் பேருமல்ல. 50 கிராம் என்பது மொறுமொறுப்பான சிறு துண்டுகளில் ஆறு. அதையும் அன்றாடம் உண்பவரைப் பற்றிய கணக்கு இது.

அன்றாடம் உண்ணவேண்டும் என்று யார் சொன்னது? இதில் ஒரு விளம்பரக்காரரின் கையும் உண்டு. 1920களில் அமெரிக்காவில் பீச்நட் என்ற நிறுவனம் பேக்கன் விற்பனையைப் பெருக்க எட்வர்டு பெர்னேஸ் என்பவரை நாடியது. அவர் மருத்துவர்களிடம், காலை உணவு கனமாக இருப்பது நல்லதா என்று கேட்கச் செய்தார். நல்லது என்ற விடைகளைச் செய்தித்தாள்களில் பரப்பினார், முட்டையையும் பேக்கனையும் பக்கத்தில் நிறுத்தி. கேள்வியில் பேக்கனின் தரம் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பேக்கனைத் தட்டு நிறைய அடுக்காமல், நாம் தாளிதத்தைப் பயன்படுத்துவதுபோலப் பயன்படுத்துபவர்களும் மேலைநாடுகளில் இருக்கிறார்கள். வேகவைத்த அவரை விதையிலோ உருளைக்கிழங்கு சூப்பிலோ ஒரே ஒரு துண்டை நொறுக்கித் தூவினால் நான்கு பேருக்கும் மணம் கிடைக்கிறது. அதன் மணம் அவ்வளவு அழுத்தமானது. ஆளுக்குப் பதினொரு கலோரி கூட இல்லை.

இறுதியாக உங்களுக்கு ஒரு கணக்கு. ஒருவர் மொறுமொறுப்பான இரண்டு துண்டு பேக்கனைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, சட்டியில் தங்கிய கொழுப்பில் இரண்டு தேக்கரண்டி விட்டு ஒரு முட்டையைப் பொரிக்கிறார். ஒரு தேக்கரண்டிக்கு 4.5 கிராம் கொழுப்பு என்று கொள்ளுங்கள். முட்டை அவ்வளவையும் உறிஞ்சிவிடுகிறது. அந்தக் கொழுப்பின் கலோரி எத்தனை துண்டு பேக்கனுக்குச் சமம்?