இருதயத்தில் குழாய் விட்டுப் பார்த்தல்



நம் வியாபாரிகள் பலர் நெஞ்சில் பாரம் கண்டால் வாயுத் தொல்லையென்றே எண்ணி, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுக் கடை அடைக்கும் நேரம் வரை பொறுத்துப் பார்க்கிறார்கள். டாக்டர், "இருதயத்தில் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும்" என்று சொன்னால், நெஞ்சைப் பிளப்பார்கள் போலும் என்று அஞ்சி ஊருக்கு டிக்கெட் எடுப்போரும் உளர்.

இதில் நெஞ்சைக் கீறுவதே இல்லை. மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ மரத்துப்போக ஊசி போட்டு, அங்குள்ள இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாயொன்றை இருதயம் வரை செலுத்துகிறார்கள். நோயாளி பெரும்பாலும் விழித்தே இருப்பார். அக்குழாயில் ஒருவகை மருந்தை விட்டு எக்ஸ்ரே பிடித்தால், அடைப்பு எங்கே, எவ்வளவு என்று தெரிந்துவிடும். தேவையானால் அப்போதே சிறு பலூனால் அடைப்பை விரித்து, ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழலை வைப்பார்கள். இரத்தக் கசிவு முதலிய அபாயம் அறவே இல்லையென்பதற்கில்லை. நீரிழிவு மாத்திரை உண்பவரும் சிறுநீரகக் கோளாறுள்ளவரும் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

இருதயத்தின் வலப்பக்க இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேருகிறதென்று 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் நம் இப்னு நஃபீஸ். 1929-இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மானிய இளம் டாக்டர், தம் கை இரத்தக் குழாயில் தாமே குழாயைச் செலுத்திக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார்! 1956-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று அவுட்ரமிலுள்ள தேசிய இருதய நிலையத்திலும் டான் டொக் செங் ஆஸ்பத்திரியிலும் இது அன்றாட வேலை. பின்னது 1844-இல் ஒரு சீன வியாபாரியின் கொடையால் தோன்றியது. நமது சிராங்கூன் ரோட்டருகே சில காலம் இருந்து, 1909-இல் மூல்மீன் ரோட்டுக்குப் போயிற்று.

மார்க்கப் பற்றுள்ளோர் கேட்பது ஒன்றுண்டு. இரத்தம் உறையாதிருக்கத் தரும் ஹெபரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறதே, ஆகுமா? அவகாசமிருந்தால் மாற்று மருந்து உண்டாவென டாக்டரையும், சட்டம் யாதென ஆலிம்களையும் கேட்கலாம். உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் சலுகை உண்டென்பது சூரத்துல் பகரா 173-ஆம் ஆயத்தால் விளங்கும். ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு தர்க்கம் வேண்டாம்.

நெஞ்சுப் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் கண்டால் உடனே 995-ஐ அழைக்கவும். நீரிழிவுள்ளவருக்கு வலி தெரியாமலும் வரும். அடைப்பு நீங்கத் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் இருதயத் தசை மாண்டுகொண்டிருக்கும்.

கடைச் சிப்பந்திக்கு வந்தாலும் இதேதான். வேலை அனுமதிச் சீட்டுள்ளவருக்கு முதலாளி எடுக்கும் வைத்திய இன்ஷூரன்ஸ், 2023 ஜூலை முதல் வருஷத்துக்கு 60,000 வெள்ளிக்குக் குறையலாகாது. பாலிஸியை இன்றே எடுத்துப் பார்த்துக்கொள்ளவும்.