ஒட்டுக் கட்டாத மலைத் திராட்சை

நான் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை வைத்திருப்பவன். சில வருசத்துக்கு முன்னால், நல்ல விலை போகும் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு ஏக்கரில் வெளியூர் ரகத்தை நட்டேன். மழைக்காலம் வந்தாலே அடிச்சாம்பல் நோய். மருந்து வாங்கி மாளவில்லை. மூன்றாம் வருசம் பிடுங்கிப் போட்டேன். தப்பு செடி மேலயா, என் மேலயா என்று யோசித்துத் தேடியபோதுதான் இத்தாலி மலைக்காரர்களின் திராட்சையைப் பற்றிப் படித்தேன். அதைத்தான் இந்த இதழில் பாடமாகச் சொல்கிறேன்.

இத்தாலியின் வடமேற்கு மூலையில், மோன் பிளாங்க் பனிமலைக்குக் கீழே மொர்ஜே, லா சால் என்று இரண்டு ஊர்கள். அங்கே 900 முதல் 1,200 மீட்டர் உயரம் வரை திராட்சை விளைகிறது. ரகத்தின் பெயர் பிரியே பிளாங். அந்தப் பள்ளத்தாக்கின் சொந்த வெள்ளைத் திராட்சை. அங்கே கோடை குறுகியது. சீக்கிரம் பழுக்கிற ரகம் என்பதால், குளிர் இறுகுவதற்குள் அறுவடை முடிந்துவிடும்.

அவர்களும் பந்தல்தான் போடுகிறார்கள். ஆனால் ஆள் குனிந்து வேலை செய்கிற அளவுக்குத் தாழ்வான பந்தல். பகலில் மண்ணும் கல்லும் வாங்கிய சூட்டை இரவில் கொடிக்குக் கொடுக்கும். மலைக்காற்றும் அவ்வளவாக அடிக்காது. நம்ம ஊரில் அப்படித் தாழ்த்திப் போட்டால் காற்றோட்டம் இல்லாமல் நோய்தான் வரும். நமக்கு உயரப் பந்தல்; அவர்களுக்குத் தாழ்ந்த பந்தல். இரண்டுமே அந்தந்த மண் சொல்லிக் கொடுத்தது.

அடுத்தது வேர். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அதன்பிறகு பெரும்பாலான இடங்களில் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டித்தான் நடுகிறார்கள். ஒதுங்கிக் கிடந்த இந்தக் குளிர்மலையை அந்தப் பூச்சி அழிக்கவில்லை. பிரியே பிளாங் இன்றைக்கும் சொந்த வேரில் நிற்கிறது.

பழத்தைப் பிழிந்து, தோலை நீக்கி, சாற்றை மட்டும் நொதிக்க வைத்தால் வெள்ளை ஒயின். குளிர்ந்த இரவுகளில் பழத்தின் புளிப்பு சீக்கிரம் கரைவதில்லை. அதனால் இந்த ஒயின் லேசாக, புளிப்புத் தூக்கலாக இருக்கும். புளிப்பைக் குறை என்று நினைக்காமல், அதுதான் எங்க மலையின் ருசி என்று சொல்லி விற்கிறார்கள்.

ஒவ்வொருவருக்கும் இருப்பது துண்டு துண்டு நிலம். தனியாக ஒயின் போட்டு விற்பது கட்டுப்படியாகாது. ஒருகாலத்தில் மொர்ஜே ஊரின் பாதிரியார் அலெக்சாண்டர் பூஜா இந்த ஒயினை வெளியே தெரியவைக்கப் பாடுபட்டார். இப்போது விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து, பழத்தை ஒரே இடத்தில் கொட்டி ஒயினாக்குகிறார்கள். நாட்டு ரகத்தைக் காப்பாற்ற ஆசை மட்டும் போதாது. அதை வாங்க ஒரு சந்தையும் வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது.

நான் பிரியே பிளாங் குச்சியைத் தேடிப் போகவில்லை. போனால் பழைய தப்பையே திரும்பவும் செய்தவனாவேன். இனி எந்த நாற்று வாங்கினாலும் மூன்று கேள்வி கேட்பேன்: இதன் பருவம் என் மழைக்கு ஒத்துவருமா? மருந்தில்லாமல் என் மண்ணில் நிற்குமா? விளைந்ததை நாலு பேர் சேர்ந்து விற்க வழி இருக்கா? நீங்களும் கேட்டுப் பாருங்க. ஒரு ஏக்கர் மிஞ்சும்.