பழைய காரின் பெட்ரோல் முள்

பழைய காரில் பெட்ரோல் முள் தவறாகக் காட்டினால், டாஷ்போர்டைப் பிரித்து மீட்டரை மாற்றுவதுதான் பலரும் முதலில் செய்யும் வேலை. பெரும்பாலும் அது வீண் செலவு. கோளாறு இருப்பது பின்னால், டேங்க் பக்கம்.

டேங்குக்குள் மிதவை ஒன்று ஏறி இறங்கும்போது, அதன் கம்பி ஒரு மின்தடைச் சுருளின் மேல் நகர்கிறது. மீட்டரிலிருந்து வரும் மின்சாரம் இந்தச் சுருளைக் கடந்து காரின் பாடியில் எர்த் ஆகிறது. எர்த் துருப்பிடித்தால் கூடுதல் தடை சேர்ந்து கணக்கு கெட்டுவிடும். 1970களின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் காலி டேங்குக்கு 0 ஓம், முழு டேங்குக்கு 90 ஓம். அவற்றில் துரு முள்ளை மேலே தள்ளும். டேங்க் வறண்ட பிறகும் பெட்ரோல் இருப்பதாகத் தெரியும். நடுவழியில் தவிக்கவிடுவது இந்த வகைதான். அதே காலத்து ஃபோர்டு கார்களில் இது தலைகீழ்: காலிக்கு ஏறத்தாழ 73 ஓம், நிறைவுக்கு 10. அங்கே முழு டேங்கும் குறைவாகத் தெரியும்.

பின் இண்டிகேட்டர் மினுங்கும் ஒவ்வொரு தடவையும் முள்ளும் துள்ளினால் எர்த்தைச் சந்தேகிக்கலாம். எர்த் வயரின் முனையைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக்கி முடுக்கினாலே பல கார்கள் சரியாகிவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால் மிதவை யூனிட்டின் வயரைக் கழற்றிச் சாவியைப் போட வேண்டும். முள் ஒரு கோடிக்குப் போகும். அந்த வயரை 10 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சில நொடிகள் பாடியில் தொட்டால் எதிர்க்கோடிப் பக்கம் நகர வேண்டும். நகர்ந்தால் மீட்டரும் வயரும் நலம். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் இதைச் செய்யவே கூடாது. ஃபோர்டில் வெப்பமானி முள்ளும் சேர்ந்து பிசகினால், இரண்டுக்கும் சராசரியாக 5 வோல்ட் தரும் ஸ்டெபிலைசரைத்தான் பார்க்க வேண்டும்.

யூனிட்டை வெளியே எடுக்குமுன் பேட்டரியைக் கழற்றுவது கட்டாயம். பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கும்போது உள்ளே பெட்ரோல் சலசலத்தால், விரிசல் விழுந்து மூழ்கிய மிதவை அது. மல்டிமீட்டரை மாட்டிக் கம்பியை மெல்ல உயர்த்தினால் ஓம் சீராக மாற வேண்டும். இடையில் தாவினால் அந்த இடத்தில் சுருள் தேய்ந்துவிட்டது.

மாட்டிய பிறகு காலி டேங்கில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி முள் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளலாம். மிதவைக் கம்பியை வளைத்துத் திருத்துகையில் காலிக் கோட்டுக்கே முதலிடம். நிறைவுக் கோடு சற்றுப் பிசகினாலும் கார் வழியில் நின்றுவிடாது.