‘பாப்பம்’ என்றால் என்ன?

கேள்வி: வீட்டிலிருந்தே சிங்களம்–தமிழ் மொழிபெயர்ப்புச் செய்கிறேன். வந்த வேலையை மறுத்துப் பழக்கமில்லை. போன மாதம் தெரிந்த அண்ணா ஒருவர் 40 பக்க அறிக்கையைத் திங்கட்கிழமைக்குள் கேட்டார். ஏலாது என்று தெரிந்தும் ‘பாப்பம் அண்ணா’ என்றேன். ஞாயிறு இரவு மகளுக்குக் காய்ச்சல். ஒரு கையால் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டு மறு கையால் தட்டச்சுச் செய்தேன். இப்போது அடுத்த வேலைக்கு வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். மறுக்க நினைத்தாலே மனம் குறுகுறுக்கிறது. ‘வந்த சீதேவியைக் காலால தள்ளாத மகள்’ என்கிறார் அம்மா.
– வாசகி, ஆரையம்பதி

பதில்: அம்மாவைக் கோபிக்காதீர்கள். 1978 சூறாவளி, யுத்தம், 2004 சுனாமி எல்லாம் கண்ட தலைமுறை அது. இருந்த தோணியும் வலையும் ஒரு காலையில் இல்லாமல் போனதைப் பார்த்தவர்களுக்கு, வேலையை மறுப்பது சோற்றை மறுப்பதுதான். உங்கள் உறுத்தலில் பாதி அவர்களிடமிருந்து வந்தது.

மீதிப் பாதி அந்தப் ‘பாப்பம்’. நீங்கள் அதை மரியாதையான மறுப்பாகச் சொல்கிறீர்கள். அவசரத்தில் இருப்பவர் காதில் அது ‘ஓம்’ என்று விழுகிறது. பிறகு செய்யாவிட்டால் நீங்கள் வாக்குத் தவறியவர். செய்தால் விடிய விடிய விழித்திருப்பவர்.

மறுக்கத் தெரிந்த ஒருவர் வேண்டுமென்றால், கல்லடி உப்போடையில் சமாதி கொண்டிருக்கும் துறவி விபுலாநந்த அடிகளை எடுங்கள். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியை விட்டு 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1933இல் அதையும் விட்டு ஊர் திரும்பி இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைக் கவனித்தார். ஆனால் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தபோது ஏற்றுக்கொண்டார். மறுப்பதையே கொள்கையாக வைத்திருக்கவில்லை. அந்தந்த நேரம் எது தன் கையில் இருக்க வேண்டும் என்று பார்த்திருக்கிறார். துறவிக்கு கேஸ் சிலிண்டர் கவலை இல்லையே என்பீர்கள். நியாயம்தான். நுண்கடன் கிழமைத் தவணை கட்டுகிறவரென்றால் முழுதாக மறுக்காதீர்கள், பக்கத்தைக் குறைத்து வாங்குங்கள்.

மறுக்கும்போது காரணம் சொல்லாதீர்கள். ‘மகளுக்குக் காய்ச்சல்’ என்றால், ‘சரி, மாறினதும் தாங்கோ’ என்பார். காரணம் உடனே பேரமாகிவிடும். ‘அண்ணா, இந்தக் கிழமை ஏலாது. பத்தாம் திகதிக்குப் பிறகெண்டால் 15 பக்கம் செய்யலாம்’ என்பது போதும். நம்பிக்கையான வேறொருவர் இருந்தால் இலக்கத்தைக் கொடுங்கள். அண்ணாவுக்கு வேண்டியது அறிக்கை. உங்கள் மன்னிப்பு அல்ல.

குரல்பதிவு வந்து எத்தனை நாள்? இன்றிரவு சாப்பிடுவதற்கு முன் பதில் அனுப்பிவிடுங்கள்.