கப்பலில் பிறந்த கணக்கு

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு இலாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை இரயில்வே கணக்குத் துறையில் உயர் அலுவலர். பணியின்பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்றவர். தாயார் சீதாலட்சுமி, பொம்மை வீடு என்று பொருள்படும் இப்சனின் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். இலக்கியம் அவ்வீட்டில் விருந்தாளியன்று. உடன் வாழ்ந்த உறவு.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1930 சூலை 31 அன்று மேற்படிப்புக்காகப் பம்பாயில் கப்பலேறினார். தாயார் அப்போது நோய்ப்படுக்கையில் இருந்தார். தயங்கிய மகனை அவரே வற்புறுத்தி அனுப்பினார். அடுத்த ஆண்டு தாயார் மறைந்தபோது மகன் கடல்கடந்த நாட்டில் இருந்தார்.

அக்கப்பலில்தான் அந்தக் கணக்கு பிறந்தது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் ஈர்ப்பினாலேயே சுருங்கி, ஏறத்தாழப் பூமியளவே உள்ள வெண் குறுமீன் ஆகும். எல்லா விண்மீன்களும் இறுதியில் இவ்வாறே அடங்கும் என்று அன்றைய அறிஞர் எண்ணினர். பத்தொன்பது வயது இளைஞர் அதனுடன் சார்பியல் கொள்கையைச் சேர்த்துக் கணக்கிட்டார். நெருக்குண்ட எலக்ட்ரான்கள் ஒளியின் விரைவை நெருங்கும்போது, அவற்றின் அழுத்தம் ஈர்ப்பைத் தாங்கப் போதாது. எனவே வெண் குறுமீனுக்கு ஒரு பொருண்மை எல்லை உண்டு. இன்றைய மதிப்பில் அது சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதனைக் கடந்தால்? சுருக்கம் நில்லாது.

1935 சனவரி 11 அன்று, இலண்டனில் இராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவை விரிவாக விளக்கினார். அவரையடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். வானியலில் அன்று அவருக்கு நிகரில்லை. விண்மீன் இத்துணை அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை இடங்கொடாது என அவர் எள்ளி மறுக்க, அவை சிரித்தது. கேம்பிரிட்ஜில் இளைஞரின் அறைக்கு அடிக்கடி வந்து ஆய்வின் வளர்ச்சியைக் கேட்டறிந்தவர் அவரே. எனினும் தம் மறுப்பைக் குறித்து ஒரு சொல்லும் முன்னர் உரைக்கவில்லை. மூத்தோர் ஒருவர் இளையோர்க்குச் செய்யத் தக்க செயலன்று அது. வேறு சில பேரறிஞர்கள் சந்திரசேகர் கூறியதே சரி எனத் தனிமையில் ஒப்பினர். வெளிப்படையாகச் சொல்லத்தான் ஒருவரும் முன்வரவில்லை.

சந்திரசேகர் பூசலை நீட்டிக்கவில்லை. 1937-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் எர்க்கீசு வானாய்வகத்தில் பணியேற்றார். தாம் அறிந்தவற்றையெல்லாம் 1939-இல் ஒரு நூலாக எழுதி முடித்துவிட்டு, வேறு துறைக்குச் சென்றார். பின்னர் அதுவே வழக்கமாயிற்று: ஒரு துறையில் சில ஆண்டுகள் ஆழ்தல், நூல் எழுதுதல், அடுத்த துறையில் மீண்டும் மாணவராதல். ஒளி வளிமண்டலத்தில் சிதறிப் பரவுவதை ஆராய்ந்து அவர் 1950-இல் வெளியிட்ட நூல், கோள்களின் வளிமண்டலத்தை ஆய்வோர்க்கு இன்றும் அடிப்படை. எடிங்டனுடன் நட்பும் முறியவில்லை. அவருடைய நூற்றாண்டையொட்டி 1982-இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகளில், அவரைத் தம் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்றே சந்திரசேகர் போற்றினார்.

1975-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேக்சுபியர், நியூட்டன், பீத்தோவன் ஆகிய மூவரின் படைப்பாற்றலை ஒப்பிட்டு அவர் உரையாற்றினார். கவிஞரும் இசைஞரும் முதுமையிலும் வளர்கின்றனர். அறிவியலாளர் பலர் இளமையிலேயே ஓய்ந்துவிடுவது ஏன்? இவ்வினா அவரை விடாது பற்றியிருந்தது. அவ்வுரையை ஆற்றியபோது அவருக்கு அகவை அறுபத்து நான்கு. கருந்துளைகளின் கணிதத்தில் அப்போதுதான் இறங்கியிருந்தார். அந்நூல் 1983-இல் வெளிவந்தது. நோபல் பரிசும் அவ்வாண்டே கிடைத்தது. நியூட்டனின் 'பிரின்சிப்பியா'வைப் பொது வாசகர்க்கு விளக்கும் அவருடைய நூல், அவர் மறைந்த 1995-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

சொற்பொருள்
பொருண்மை – ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு
எள்ளி – இகழ்ந்து நகைத்து
அகவை – வயது

பயிற்சி
1. வெண் குறுமீனின் பொருண்மைக்கு எல்லை இருப்பது ஏன்?
2. தனிமையில் ஒப்பிய அறிஞர்கள் அவையில் பேசாதிருந்தது சரியா? காரணம் கூறி எழுதுக.
3. உங்கள் குடும்பம் ஊர் மாறிய வரலாற்றைப் பெற்றோரிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் தமிழில் எழுதுக.